ஈயம் குடித்த முளைப்பாரி

எங்கள் அம்மா வைத்த முளைப்பாரி வளராமல் போனதால்தான் என் அண்ணன் செத்தான் என்று எங்கள் ஊரில் சொல்கிறார்கள். முதலில் அப்பாவின் அண்ணன் மனைவி, என் பெரியம்மை சொன்னாள். பிறகு தெருவே சொன்னது. கடைசியில் அம்மாவும் அதை நம்பினாள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுதுவது எனக்குப் பழக்கம் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். ஏனென்றால் அந்த முளைப்பாரிக்கு மண் கொண்டுவந்தவள் நான். அதை எங்கே எடுத்தேன் என்பது ஏழு மாதம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பாளையங்கோட்டையிலிருந்து சீவலப்பேரி போகிற டவுன் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கினால் எங்கள் ஊர் வரும். வைகாசியில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. முளைப்பாரி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மண்சட்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே குளத்து வண்டலான கரம்பை மண்ணையும் பொடித்த ஆட்டுப் புழுக்கையையும் கலந்து போட்டு, ஊறவைத்த பாசிப்பயறைத் தூவுவோம். வெளிச்சம் படாத மூலையில் வைத்து, குளித்துவிட்டு வந்துதான் தண்ணீர் தெளிக்க வேண்டும். இருட்டில் வளர்கிறதால் முளை வெளுத்துப்போய் ஒரு சாணுக்கு மேல் நெருக்கமாக நிற்கும். எட்டாம் நாள் தலையில் தூக்கிப்போய்க் கோயிலில் வைத்துக் கும்மியடித்து, மறுநாள் ஆற்றில் கரைப்போம். நன்றாக வளர்ந்தால் அந்த வீடு நன்றாக இருக்கும். வளராவிட்டால் அந்த வீட்டுக்கு ஏதோ வரப்போகிறது, வைத்தவள் சுத்தமாக விரதம் இருக்கவில்லை. எங்கள் ஊரில் இதற்கு எதிர்ப்பேச்சே கிடையாது.

அந்த வருடம் அம்மா அண்ணனுக்குப் பெண் அமைய வேண்டும் என்று நேர்ந்துகொண்டு வைத்தாள். அப்பா கேரளாவில் கட்டட வேலையில் இருந்தார். அண்ணன் டைல்ஸ் ஒட்டுகிற வேலை பார்த்தான். முட்டி போட்டே வேலை செய்து அவன் முழங்கால் இரண்டும் ஒட்டகத்துக்கு இருப்பதுபோலக் காய்த்துப் போயிருக்கும். பெண் பார்க்கப் போகும்போது வேட்டி கட்டாதே, முட்டியைப் பார்த்தால் பெண் ஓடிவிடும் என்று நான் சொல்வேன். "ஒன்ன எவன் பாக்க வருவான் மூதி" என்பான்.

முளைப்பாரி மண்ணைக் கன்னிப்பெண்தான் குளத்திலிருந்து எடுத்துவர வேண்டும். அம்மா என் கையில் சாக்கையும் மண்வெட்டியையும் கொடுத்து அனுப்பினாள். குளத்துக்கு இருபது நிமிடம் நடக்க வேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தது. வழியில் ஒரு தகர ஷெட் உண்டு. பழைய பேட்டரிகளை உடைத்து உருக்குவார்கள். அதன் பின்னால் ஒரு வாய்க்கால் வற்றிக் கிடந்தது. கரையில் மண் கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. ஒரு அருகம்புல்கூட இல்லை. புல் இல்லையே, ஏன் என்று நான் நினைக்கவில்லை. புல் இல்லை, வெட்ட எளிது என்றுதான் நினைத்தேன். சாக்கில் அள்ளிப் போட்டேன். இவ்வளவு சீக்கிரம் வீட்டுக்குப் போனால் கேட்பார்களே என்று வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து போனைப் பார்த்துவிட்டுப் போனேன். "கொளத்துக் கரம்பதானட்டி?" என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன்.

நாலாம் நாள் மற்ற வீடுகளில் ஒரு விரல் உயரம் வந்துவிட்டது என்று பேச்சு. எங்கள் சட்டியில் பயறு தோலைக் கழற்றி எட்டிப் பார்த்ததோடு நின்றுவிட்டது. ஆண்கள் பார்க்கக்கூடாது என்பார்கள். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டான்.

"எம்மா, இது முளைப்பாரியா, என் தாடியா? அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணுல்லா நிக்கி."

"ஏலே, போலே அங்கிட்டு. கண்ணு வைக்காத."

எட்டாம் நாள் அம்மா அதையும் தலையில் தூக்கினாள். தெருமுனையில் பெரியம்மை நின்றாள். அவள் சட்டியில் முளை குடை விரித்ததுபோல நின்றது. எங்கள் சட்டியை எட்டிப் பார்த்தாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"என்னத்தட்டி சுமந்துட்டு வார? கோழி கெளறுன மாதிரில்லா இருக்கு. நீ பைய கடைசில வா. முன்னால வந்து எல்லாத்துக்கும் சேத்து வெனைய வாங்கிக் குடுத்துராத."

அம்மா கடைசியில்தான் போனாள். ஊர் முழுக்க முன்னால் போக, அவள் மட்டும் பத்தடி விட்டுப் பின்னால். நான் பக்கத்தில் நடந்தேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் ஆற்றில் இறங்கினோம். நன்றாக வளர்ந்த முளைப்பாரியைச் சட்டியிலிருந்து கவிழ்த்தால் மண் உதிராது. வேர்கள் பின்னிப்பின்னி மண்ணைக் கட்டிப் பிடித்திருக்கும். அடையாக அப்படியே மிதந்து போகும். எங்களுடையதைக் கவிழ்த்தபோது அம்மா கையில் சேறாக உடைந்தது. ஒரு முளையை எடுத்துப் பார்த்தேன். வேர் அரை விரற்கடைதான் இருந்தது. நுனி தடித்து, துருப்பிடித்த ஊசிபோலப் பழுப்பாக இருந்தது. ஆற்றில் வீசிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து பைபாஸில் ஒரு லாரி அண்ணனை அடித்துவிட்டுப் போய்விட்டது. ஹெல்மெட் வண்டிக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்ததாம். அவனை இதற்காக நான் இன்னும் மன்னிக்கவில்லை. தலைக்கு வாங்கியதை வண்டிக்கு மாட்டிக்கொண்டு போன மடையன்.

பெரியாஸ்பத்திரியிலிருந்து உடம்பு வருவதற்குள் பெரியம்மை வந்துவிட்டாள். முற்றத்தில் விழுந்து அழுதாள். "அம்மன் அன்னைக்கே காட்டிக் குடுத்தாளே! இந்தக் கண்ணவிஞ்ச மூதிக்குப் புரியலையே!" என்று அம்மாவைக் காட்டி அழுதாள். வந்திருந்த பெண்கள் எல்லோரும் அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார்கள். மகன் செத்து நாலு மணி நேரம்கூட ஆகாதவளை அப்படிப் பார்த்தார்கள். அந்த முகங்கள் ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போக மாட்டேன். சாவுக்கும் போக மாட்டேன்.

பதினாறாம் நாள் அம்மா அந்தப் பெண்கள் நடுவில் உட்கார்ந்து தானாகச் சொன்னாள். விரத நாளில் அண்ணன் கருவாட்டுக் குழம்பு கேட்டான். முளைப்பாரி இருக்கிற வீட்டுக்குள் சமைக்கக் கூடாது என்று புறவாசலில் மூன்று கல்லைக் கூட்டி வைத்தாள். உப்பு சரியாக இருக்கிறதா என்று ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள்.

"ஒரே ஒரு சொட்டு" என்றாள். "பழக்கத்துல கை போயிட்டு. நக்குன பொறவுதான் நெனப்பு வந்துச்சு. எம்புள்ளய நாந்தான் முழுங்கிட்டேன்."

யாராவது ஒருத்தி, போடி பைத்தியக்காரி, சமைக்கிறவள் உப்புப் பார்க்காமல் இருப்பாளா என்று சொல்லியிருக்கலாம். ஒருத்தி "ச்சொ" கொட்டினாள். பெரியம்மை, "நான் அன்னைக்கே நெனச்சேன்" என்றாள்.

அன்றிலிருந்து அம்மா உப்பை விட்டாள். உப்பில்லாத கஞ்சி. அதுவும் இரண்டு வாய். அப்பா பதினாறு முடிந்ததும் கேரளாவுக்குப் போய்விட்டார். அழுவதற்கு அங்கே ஆள் இல்லாத இடம் இருக்கும்போல. நானும் அம்மாவும் மட்டும். அவள் தன் உப்பால் மகன் செத்தான் என்று ஒரு மூலையில் கிடந்தாள். நான், குளத்து மண் என்று அம்மனிடம் பொய் சொன்னதால் அண்ணன் செத்தான் என்று இன்னொரு மூலையில் கிடந்தேன். ஆமாம், நானும் அப்படித்தான் நம்பினேன். ஊரைத் திட்டுகிற எனக்கும் அந்த ஊர் மூளைதான். அம்மாவிடம் சொன்னால் அவள் பாரம் இறங்கும் என்று தெரியும். என் தலையில் ஏறுமே என்று சொல்லவில்லை. இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

கார்த்திகையில் அம்மா குழாயடியில் மயங்கி விழுந்தாள். டாக்டர், உடம்பில் உப்புச்சத்து இறங்கிவிட்டது, ஒழுங்காகச் சாப்பிடாவிட்டால் தாங்காது என்றார். குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார். வீட்டுக்கு வந்து ஊறுகாய் வைத்துக் கஞ்சி கொடுத்தேன். என் முகத்திலேயே துப்பினாள். தெருவில், "அம்மன் கூப்பிடுதா, இனி இவ நிக்க மாட்டா" என்று பேசிக்கொண்டார்கள். ஏதோ பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்கள்.

எனக்கு அப்போது பாளையங்கோட்டையில் ஒரு காலேஜில் தாவரவியல் பிரிவில் கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்திருந்தது. கண்ணாடிச் சாமான்களையும் கழுவ வேண்டும். அங்கே டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற ஒரு அக்கா இருந்தாள். டவுனில் பெரிய வீடு. அப்பா, சித்தப்பா எல்லாம் வாத்தியார்கள். என்னோடு நன்றாகத்தான் பேசுவாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்காது. நன்றாகப் பேசிவிட்டு, குடித்த டீ டம்ளரை அங்கேயே வைத்துவிட்டுப் போவாள்.

ஒருநாள் கழுவ எடுத்த தட்டுகளில் பயறு முளைத்திருந்தது. வட்டக் கண்ணாடித் தட்டுகள், வரிசையாக ஆறு. பாசிப்பயறு. முதல் தட்டில் வேர் வெள்ளையாக நூல்போல நீண்டு சுருண்டிருந்தது. அடுத்ததில் கொஞ்சம் குறைவு. போகப்போகக் குறைந்து, ஆறாவது தட்டில் அரை விரற்கடை. நுனி தடித்து, பழுப்பாக, துருப்பிடித்த ஊசிபோல.

கையிலிருந்த பிரஷ் விழுந்துவிட்டது. எங்கள் சட்டி அங்கே இருந்தது.

"அக்கா" என்றேன். "இது என்ன பாவம் பண்ணிச்சு?"

அவள் சிரித்தாள். "பாவமா? அது ஈயம் குடிச்சிருக்கு. நாந்தான் குடுத்தேன். மொத தட்டுல வெறும் தண்ணி. போகப்போக ஈயம் கூட."

"ஈயம்னா?"

"பேட்டரிக்குள்ள இருக்கும்லா, அது."

அதைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். படித்தவர்களுக்கு யாராவது கேட்டால் போதும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவள் சொன்னதில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். செடி முழுக்கச் சின்னச்சின்ன அறைகளாம். செல் என்று பேர். ஒவ்வொன்றுக்கும் சுவர் உண்டு. ஈயம் வந்தால் வேர் அதை மேலே இலைக்கு விடாமல் தானே பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கும். முதலில் சுவரில் ஒட்டவைக்கும். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் இருக்கிற வழிகளை அடைக்கும். அப்படியும் தாண்டி உள்ளே வந்துவிட்டால்?

"உள்ள வந்தத, சங்கிலி மாதிரி ஒண்ணு செஞ்சு கட்டிப் போட்டுரும். செல்லுக்குள்ள ஒரு பெரிய பை இருக்கும், வாக்குவோல்னு. அதுக்குள்ள தள்ளிப் பூட்டிரும். இவ்ளோ வேலையும் பாத்தா வளர எங்கன நேரம் இருக்கும், சொல்லு? வேர் நுனில செல் ரெண்டா பிரியுறது நின்னுரும். அதான் குட்டையா நிக்கி."

"பூட்ட எடம் இல்லாமப் போச்சுன்னா?"

"செத்துரும்."

ஆறாவது தட்டிலிருந்து ஒரு முளையையும் முதல் தட்டிலிருந்து ஒன்றையும் எடுத்து ஒரு நீலச் சாயத்தில் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக் கழுவினாள். நல்ல வேர் வெள்ளையாகவே இருந்தது. மற்றதன் நுனி கருநீலமாகிவிட்டது. உயிர் உள்ள செல் சாயத்தை உள்ளே விடாதாம். செத்த செல்லுக்குத் தடுக்கத் தெம்பு இல்லை, யார் வந்தாலும் விட்டுவிடுமாம். மைக்ராஸ்கோப்பில் வைத்து, "வந்து பாரு, எவ்ளோ அழகா இருக்கு" என்றாள்.

பார்த்தேன். கட்டம் கட்டமாக நீலம். அழகாகத்தான் இருந்தது. அவளை அறைய வேண்டும்போல இருந்தது.

அப்புறம் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். ஷெட், மண், அண்ணன், அம்மாவின் உப்பு. என் வீட்டில் சொல்லாததை, டம்ளர் கழுவாத ஒருத்தியிடம் சொன்னேன். கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். "மனுசங்களும் இப்படித்தான். துக்கத்த உள்ள பூட்டி வச்சுக்கிடுதோம்லா?" என்றாள்.

"வாய மூடுங்க அக்கா" என்றேன். "நீங்க ஊத்துனீங்க, அது குடிச்சுச்சு. அம்புட்டுதான். எங்கண்ணன இதுக்குள்ள இழுக்காதீங்க."

வேலை போகும் என்று நினைத்தேன். போகவில்லை. அவள் சாயத்தை மூடி வைத்துவிட்டு, "ஈயம்தான்னு மண்ணப் பாக்காம நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "பேட்டரி ஆசிட்டா இருக்கலாம், ரெண்டுமா இருக்கலாம். எனக்கு அந்த மண்ணு கொஞ்சம் கொண்டா. ஒனக்குத் தெரியணும்னா வீட்லயே பாக்கலாம். ரெண்டு சட்டி. ஒரே பயறு, ஒரே தண்ணி, ஒரே எடம். மண்ணு மட்டும் வேற. ஒண்ண மட்டுந்தான் மாத்தணும். ரெண்ட மாத்துனேன்னா எதுனால ஆச்சுன்னு தெரியாது."

பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். அப்படியென்றால் தண்ணீர் ஊற்றுகிற கையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். நான் ஊற்றி நல்ல மண்ணில் வளர்ந்தால் அம்மா என்ன சொல்வாள்? உன் கை சுத்தம், என் கை பாவம் என்பாள். அம்மாவே ஊற்ற வேண்டும். அவள் கையில் பாவம் இருந்தால் இரண்டு சட்டியும் கருகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை குளத்துக்குப் போனேன். இருபது நிமிடம். அவ்வளவுதான். ஒரு மனுஷி செத்துப்போகிற தூரம் இல்லை. திரும்பும்போது ஷெட்டுக்குப் பின்னால் போனேன். வாய்க்கால் கரையில் நின்றதும் வாட்ச்மேன் கத்தினான்.

"ஏட்டி, அங்கன என்ன பண்ணுத?"

"மண்ணு அள்ளுதேன்."

"அது எதுக்கு ஒனக்கு? ஒண்ணும் வெளங்காத மண்ணு."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவனுக்கே தெரிந்திருக்கிறது.

சாவு விழுந்து வருடம் திரும்பாத வீட்டில் முளைப்பாரி வைக்கக் கூடாது. அதனால் சட்டி வைக்கவில்லை. அண்ணன் டைல்ஸுக்குப் பசை கலக்குகிற இரண்டு பக்கெட்டை நன்றாகக் கழுவி அடியில் ஓட்டை போட்டேன். இரண்டிலும் மண்ணைப் போட்டுப் பயறைத் தூவிப் புறவாசலில் வைத்தேன். அம்மா படுத்தபடியே பார்த்தாள்.

"என்னட்டி அது?"

"காலேஜ்ல குடுத்தாவ. முளைக்க வச்சு எடுத்துட்டுப் போவணும். நான் இல்லாத நேரம் ரெண்டு கை தண்ணி தெளி."

"என் கை பட்டு எது வெளங்கிச்சு? நீயே ஊத்து."

"நான் காலைல போனா ராத்திரிதான் வாரேன். காஞ்சா எனக்கு வேல போயிரும்."

அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் வந்து பார்த்தேன். காய்ந்து கிடந்தது. அடுத்த நாளும். நான் தெளிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் வந்து விரலை விட்டேன். இரண்டு பக்கெட்டும் ஈரம். வாடுகிற எதையும் அவளால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அந்தக் குணத்தை வைத்துத்தான் ஏமாற்றினேன்.

பிறகு தினமும் ஈரம் இருந்தது. எட்டாம் நாள் விடுமுறை. காலை பத்து மணிக்கு அம்மா கையைப் பிடித்து இழுத்துப் புறவாசலுக்குக் கொண்டுபோனேன். ஒரு பக்கெட்டில் பச்சைப்பசேல் என்று சாண் உயரம். மற்றதில், கோழி கிளறியதுபோல, அங்கொன்றும் இங்கொன்றும்.

"ரெண்டுக்கும் தண்ணி ஊத்துனது யாரு?"

கையை உருவிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தாள்.

"யாரும்மா ஊத்துனா?"

"நாந்தான். அதுக்கென்ன இப்பம்?"

இரண்டையும் கவிழ்த்தேன். ஒன்று அடையாக வந்தது, வெள்ளை வேர் மண்ணைச் சுற்றிக் கட்டியிருந்தது. மற்றது உதிர்ந்தது. அதிலிருந்து ஒரு முளையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். ஆற்றில் அன்று பார்த்த அதே வேர். அவளுக்கும் தெரிந்தது.

"இது கொளத்து மண்ணு. இது பேட்டரி ஷெட்டு வாய்க்கா மண்ணு" என்றேன். "கொடைக்கு நான் இதத்தான் கொண்டாந்தேன். கொளத்துக்குப் போவல. ஒங்கிட்ட பொய் சொன்னேன். வேரு வெசத்தக் குடிச்சுச் செத்திருக்கு. ஒன் உப்பும் இல்ல, அம்மனும் இல்ல. மண்ணு."

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு இருந்தாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"அப்பம் எம்புள்ள எதுக்குட்டி செத்தான்?"

பாரத்தை இறக்கினால் எழுந்துவிடுவாள் என்று மட்டும் நினைத்திருந்தேன். "நான் பண்ணுன பாவத்துக்குச் செத்தான்னா ஒரு காரணமாவது இருந்துச்சு" என்றாள். "இப்பம் ஒண்ணுமே இல்லாமல்லா போயிட்டான்." நான் அவள் மகனை இன்னொரு தடவை கொன்றுவிட்டதுபோலப் பார்த்தாள். லாரி அடிச்சதும்மா என்றேன். அது ஒரு பதிலா என்று எனக்கே தெரியவில்லை. அக்காவிடம் கேட்டாலும் இதற்குத் தட்டு இல்லை, சாயம் இல்லை.

அன்று முழுக்க அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை குழாயடியில் சத்தம். போய்ப் பார்த்தால் அம்மா நிற்கிறாள். குடத்துக்குப் பதிலாக ஒரு கையில் அந்த அடையும் மறு கையில் உதிர்ந்த மண்ணும். எதிரே பெரியம்மை. தண்ணீருக்கு வந்த பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். அம்மா சொல்லி முடித்துவிட்டாள் போல. பெரியம்மை இடுப்பில் குடத்தோடு நிதானமாக நின்றாள்.

"மண்ணு கெட்டதுன்னே வச்சுக்கிடுவோம்" என்றாள். "கொளத்துக்குப் போன புள்ளைய அந்த வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டது யாரு? அம்மன் திருப்பாம அவ காலு அங்கன போவுமாட்டி?"

சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். அப்படியே ஒருசேர. இவர்களிடம் வேரைக் காட்டி என்ன, செல்லைக் காட்டி என்ன. அம்மா என் பக்கம் திரும்பினாள். பிறகு பெரியம்மையிடம் திரும்பினாள்.

"அம்மன் ஒண்ணும் திருப்பல. இவ சோம்பேறித்தனம் திருப்புச்சு. வெயிலுக்குப் பயந்து குறுக்க போன கழுத. போனப் பாத்துட்டு மரத்தடில இருந்திருப்பா, எனக்குத் தெரியும் எம்மவள. அவள நான் வெளக்குமாத்தால அடிப்பேன், அது எம்பாடு. எம்மவன் லாரில அடிபட்டுச் செத்தான். முளைப்பாரிக்குச் சாவல. இனிமே எவளாவது முளைப்பாரின்னு வாயத் தொறந்தா, இந்த மண்ண அந்த வாயிலயே வச்சு அடைச்சிருவேன். நீ மொதல்ல தொறட்டி பாப்போம்."

பெரியம்மை திறக்கவில்லை. "இவளுக்குப் புத்தி பெரண்டுட்டு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அடுத்த கொடைக்குள் வேறு கதை கட்டுவாள். கட்டட்டும்.

மத்தியானம் அம்மா சோறு வடித்தாள். ரசம் வைத்தாள். உப்புப் போட்டாளா என்று நான் கேட்கவில்லை. சாப்பிட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவளும் அதையேதான் சாப்பிட்டாள், என்னைப் பார்க்காமல், முதுகைக் காட்டிக்கொண்டு.

மண்ணை மெஷினில் போட்டுப் பார்த்ததில் ஈயம் நிறைய இருக்கிறது என்று அக்கா சொன்னாள். ஷெட்டை மூடச் சொல்லிக் கலெக்டருக்கு மனு எழுதிக் கொடுத்தாள். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஷெட்டில் புகை வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த வாய்க்காலில் தண்ணீர் வந்தால் கீழே வயலுக்குத்தான் போகும். அந்த நெல்லும் வேரில் பிடித்துவைக்கப் பார்க்கும், முடிந்தவரைக்கும்.

அம்மா என்னோடு நேராகப் பேசி இரண்டு மாதம் ஆகிறது. ஏச மட்டும் செய்கிறாள். தட்டை வைக்கும்போது, தண்ணீர் பிடிக்கும்போது, தலை சீவும்போது, எப்போதும் ஒரே கேள்வி. "இருவது நிமிசம் நடக்க ஒனக்குக் கால் வலிச்சிச்சோ?" நான் பதில் சொல்வதில்லை. போன வாரம் காலேஜிலிருந்து வந்து அசந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் கேட்டாள். "ஆமா, வலிச்சிச்சு" என்றேன்.

கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். காது கிண்ணென்றது. ஒரு குடம் தூக்கத் தெம்பில்லாமல் கிடந்த கை அது. கன்னம் எரிய எரிய நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இன்னொன்று விழுந்தாலும் வாங்கியிருப்பேன்.